பின் சீட்டில் பூதப்பாண்டி மாப்பிள்ளை

பூதப்பாண்டி மாப்பிள்ளையை விமானத்தில் ஏற்றிக் கெடுத்தவள் என்று என்னைப் பற்றி நீங்கள் சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே நம் தபால்காரர் மகன் அதைச் சொன்னான். காது மந்தமானவன் மெல்லப் பேசினாலும் ஊருக்கே கேட்கும். சிறுசுகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. நான் இலையில் விட்ட பிரதமன் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சண்டைக்குப் பயந்து அல்ல, பிரதமன் ஆறிவிட்டால் நன்றாக இருக்காது.

ஆகவே எழுதிவிடுகிறேன். ஏற்றினேன். கண்ணைக் கட்டி ஏற்றினேன். கட்டச் சொன்னதும் நான்தான், கட்டியதும் நான்தான். அதற்காக அன்றும் வருத்தப்படவில்லை, எண்பதைத் தாண்டிய இந்த வயதிலும் வருத்தப்படுவதாக இல்லை. அன்று என்னோடு விளையாடிய தெருப்பிள்ளைகளான நீங்கள் எல்லாம் பாதிக் கதையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடியவர்கள். முழுக்கதையையும் பார்த்தவள் நான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யம் ஆன புதிது அது. உலகச் சண்டை முடிந்து பட்டாளம் விட்டுப்போன சாமான்கள் ஊர் ஊராக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பட்டாளத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால் கறந்தார்கள், பட்டாளத்துப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். கோட்டாற்றில் அப்பாவுக்கு அலுமினியப் பாத்திரப் பட்டறை. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு முற்றம். பழைய விமானங்களை உடைத்து விற்கிறார்கள் என்று ஒரு தரகர் வந்து சொன்னதும் அப்பாவுக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. விமானம் என்றால் அலுமினியம், அலுமினியம் என்றால் சட்டி. கண்ணால் பார்க்காமலே மூன்றை எடுத்துவிட்டார்.

லாரி ஒரு மத்தியானம் வந்தது. வாசலில் கூடி நின்றோமே, ஓர்மை இருக்கிறதா? இறக்கை இல்லை, வால் இல்லை, மூக்கும் இல்லை. ஆள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் மூன்று வந்தன. முற்றத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் வரிசையாக ஏற்றி வைத்தார்கள். அப்பா சுத்தியலால் முதலாவதைத் தட்டினார். கணீர் என்றது. முகம் மலர்ந்தது. இரண்டாவதைத் தட்டினார். சில இடத்தில் கணீர், சில இடத்தில் டொக். மூன்றாவதைத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

அப்பா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“துணியால்லா இருக்கு,” என்றார் பட்டறை மேஸ்திரியிடம். “வெள்ளக்காரன் துணியில பறந்திருக்கான்வே.”

“உள்ள கம்பி போட்டிருக்கு மொதலாளி,” என்று ஆறுதல் சொன்னார் மேஸ்திரி. “குடை மாதிரி.”

அந்த ஆறுதலுக்குப் பிறகு அப்பா சுத்தியலை மேஸ்திரி கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றுக்கும் உள்ளே பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்திருந்தது. முதலில் ஏறி, ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தது நான். ஹார்வர்டு, கார்னெல், டைகர் மாத். அன்று சாயங்காலமே மேஸ்திரி தகடுகளைக் கழற்றிப் பித்தளை போடுகிற கூடையில் போட்டுவிட்டார். உடைத்தால் நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்று அப்பா மூன்றையும் அப்படியே விட்டுவைத்தார். பிறகு அந்தப் பெயர்கள் எங்கள் தலையில் மட்டும்தான் இருந்தன. அதிலிருந்துதான் அந்த விளையாட்டு பிறந்தது.

கண்ணைக் கட்டி, சுற்றிவிட்டு, ஏதாவது ஒன்றில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும். தடவியும் மோந்தும் எது என்று சொல்ல வேண்டும். தபால்காரர் மகன் ஒவ்வொரு தடவையும் ஹார்வர்டு என்றே சொல்வான். மூன்றில் ஒரு தடவை சரியாகத்தானே இருக்கும், அதில் அவனுக்குப் பெருமை. கம்பவுண்டர் மகள் நன்றாகச் சொல்லுவாள், ஆனால் பயம். நான் தப்பாகச் சொன்னதே இல்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டு எளிது. அதற்குத் தரையே கிடையாது. பாதம் வைக்க இரண்டு தகடு, மற்றபடி கீழே வெறும் குழி. ஒரு பல்பம் விழுந்தால் போனது போனதுதான். காலை எடுத்துத் துழாவினாலே தெரிந்துவிடும். கார்னெலுக்குத் தலைக்கு மேலே கண்ணாடிக் கூடு, பஸ் ஜன்னல் போல இழுத்து மூடலாம். டைகர் மாத் திறந்த தோணி. விளிம்பைச் சுற்றித் தோல் தைத்து உள்ளே பஞ்சு வைத்திருக்கும். வெயில் ஏற ஏற அந்தத் துணிமேல் பூசிய சாயத்திலிருந்து மட்டி வாழைப்பழம் அழுகத் தொடங்கும்போது வருமே, அந்த வாசம் வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் ஏறி உட்கார்ந்து யோசிப்பதுபோல நடிப்பேன்.

டைகர் மாத்தில் இன்னொரு விசித்திரம், இஞ்சின் சுவிட்ச் உள்ளே இல்லை, வெளியே பக்கவாட்டில் இருந்தது. விமானத்தை ஓட்டுகிறவன் கையை வெளியே நீட்டிச் சுவிட்ச் போடுவானா என்று நாங்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம். எதிரே நின்று விசிறியைக் கையால் சுற்றிவிடுகிறவன் பார்ப்பதற்காக அது என்று பின்னால் தெரிந்தது. பார்க்காமல் சுற்றினால் கை போய்விடுமாம்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எல்லாம் இரட்டை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, இரண்டு பிடி, இரண்டு திசைகாட்டி. பள்ளிக்கூடத்துப் பெரிய சார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, ஜப்பான்மேல் குண்டு போட்ட விமானங்கள் இவை என்று வகுப்பில் சொன்னார். குண்டை எங்கே வைப்பார்கள் சார் என்று கேட்டேன். இரண்டு இருக்கை எதற்கு என்றும் கேட்டேன். ஒருத்தர் படிக்க, ஒருத்தர் படிப்பிக்க, இது பள்ளிக்கூட விமானம் சார் என்றேன். என்னைப் பெஞ்சுமேல் நிற்க வைத்தார். பெஞ்சுமேல் நின்றால் ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கத் தெரியும். எனக்கொன்றும் நஷ்டமில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அக்கா பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் குடும்பங்களில் பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்பது அம்மைக்கு அண்ணன் முடிவு செய்கிற காரியம். தாய்மாமனுக்கே அதிகாரம் தருகிற மருமக்கள்வழி சட்டப்படி ஒழிந்து வெகுகாலமாகிவிட்டது, ஆனால் அதைப் பெரிய மாமாவிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அப்பா சட்டி வார்க்கலாம், அவ்வளவுதான் அவருடைய அதிகாரம். பெரிய மாமா பெண் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு கூட்டம் அக்காவை நடக்கச் சொல்லிப் பார்த்தது. ஒரு கூட்டம் ஊசியில் நூல் கோக்கச் சொன்னது. ஒருவர் பத்திரிகையைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, வாசிக்கும்போது கொட்டாவி விட்டார். அக்கா எல்லாம் செய்வாள். வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஆனால் என்னிடம் பேசுவாள். அதற்கு ஒரு வழி இருந்தது. டைகர் மாத்தின் இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் ஓடும். பறக்கும்போது இரைச்சலில் ஒன்றும் கேட்காதாம், அதனால் முன்னால் இருப்பவர் குழாயில் பேசுவார், பின்னால் இருப்பவர் காதில் வைத்துக் கேட்பார். வேலைக்காரர்கள் போன பிறகு அக்கா முன் சீட்டில் ஏறிக்கொள்வாள், நான் பின் சீட்டில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ அக்காவுக்குப் பேச்சு வரும்.

“மாமா கூட்டீட்டு வாறவன் எல்லாம் கேக்க வேண்டியத மாமாகிட்ட கேக்கான்,” என்றாள் ஒருநாள். “எனக்கிட்ட நடக்கச் சொல்லுகான். ஒருத்தனாவது அவனுக்க காரியம் எதாவது எனக்கிட்ட சொன்னானா பாரு.”

“என்ன காரியம் சொல்லணும்?”

“என்ன வேணும்னாலும். காலில ஆணி இருக்குன்னு சொல்லட்டு. உள்ளத ஒண்ணு சொன்னா அவனக் கெட்டுவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மாமா பூதப்பாண்டி ஊரில் இந்த மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை விமானப்படையில் பைலட்டாக இருந்தவர், பர்மாவுக்கு மேலே பறந்து ஜப்பான்காரனை விரட்டி விரட்டிச் சுட்டவர் என்று பெரிய மாமா ஒவ்வொரு கடையாக நின்று சொன்னார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? ஒருவன் கப்பலில் வேலைக்குப் போனால் அவன் கப்பலை ஓட்டுகிறான் என்போம். விமானப்படையில் சோறு வடித்தவன் திரும்பி வந்தாலும் நமக்கு அவன் பைலட்தான். மாப்பிள்ளை ஏழு வருஷத்துக்கு முந்தி பட்டாளத்தில் சேர்ந்தார், சண்டை முடியும் முன்னரே ஊருக்கு வந்துவிட்டார் என்பது மட்டும்தான் நிஜமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் பெரிய மாமா சேர்த்தது.

நிச்சயத்துக்கே நாள் குறித்துவிட்டார். பெண் பார்ப்பதும் தட்டு மாற்றுவதும் ஒரே நாளில் முடியட்டும் என்றார். பைலட் வேறு இடத்துக்குப் போய்விடுவானோ என்று பயம்.

வாடகைக் காரில் தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மை, சித்தப்பா ஒருவர். மாப்பிள்ளை நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. மெலிந்த ஆள். குரலை உயர்த்துவதில்லை. முந்திரிக்கொத்தை ஓசைப்படாமல் கடிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மை விதவை, வெள்ளைச் சேலை, கண் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

“என்ன படிச்சிருக்கு?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“பத்தாம் கிளாஸ், பாஸ்,” என்றார் பெரிய மாமா.

“அவங்ககிட்டயாக்கும் கேட்டேன்,” என்றார் மாப்பிள்ளை, தட்டைப் பார்த்துக்கொண்டே.

அக்கா நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க நியாயமில்லை, எல்லாரும் பெரிய மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பெரிய மாமா அதை விட்டுக்கொடுக்காமல் சிரித்தார். மூன்று விமானம் முற்றத்தில் கிடக்கிறது, மாப்பிள்ளை வந்து எது எது என்று சொல்ல வேண்டும் என்றார். தெருவில் பாதிப்பேர் பட்டறை வாசலில் நின்றது தற்செயல் இல்லை, அவர்தான் சொல்லி வைத்திருந்தார். கவனியுங்கள், விமானத்துக்கு அழைத்தது நானல்ல. மாப்பிள்ளை தயங்கினார். “அதெல்லாம் எதுக்கு, பழைய சாமான்,” என்றார். பெரிய மாமா தோளில் கை போட்டு எழுப்பிவிட்டார்.

நான் முற்றத்தில் நின்றேன். “கண்ணக் கெட்டிக்கிட்டுதான் சொல்லணும்,” என்றேன். “கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு எங்க தெரு ஆடுகூட சொல்லும்.”

“ஏட்டி, உள்ள போ,” என்றார் பெரிய மாமா.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். “நியாயந்தானே,” என்று சொல்லித் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து என் கையில் தந்து, குனிந்து நின்றார். நல்ல இறுக்கமாகக் கட்டினேன். சுற்றிவிட்டேன். எதில் ஏற்றுவது என்று எனக்குள் தர்க்கமே இல்லை, டைகர் மாத்தில் ஏற்றினேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

அவர் ஏறிய விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் எல்லாம் தவ்வி விழுந்து ஏறுவோம். அவர் கையால் விளிம்பைத் தொட்டார், ஒரு காலை ஒரு இடத்தில் வைத்தார், அடுத்த கணம் உள்ளே இருந்தார். உட்கார்ந்ததும், “ஒரு தலகாணி குடு மக்கா,” என்றார். “இந்தச் சீட்டு குழியா இருக்கும். பாராசூட்ட அடியில கெட்டிக்கிட்டு ஒக்காருதுக்கு உள்ள குழி. சும்மா ஒக்காந்தா கெணத்துக்குள்ள கெடக்க மாதிரி.” அந்தக் குழி எதற்கு என்று நாங்கள் அத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். தலையணை கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் எதையும் தடவவே இல்லை. “டைகர் மாத்,” என்றார். பிறகு மெதுவாக, “பின் சீட்டு,” என்றார்.

எந்தச் சீட்டு என்று எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. தெரு ஆரவாரம் செய்தது. பெரிய மாமா தானே விமானம் ஓட்டியதுபோல மீசையைத் தடவினார்.

சரியாகச் சொன்னவருக்கு ஒரு மரியாதை உண்டு. டைகர் மாத்தின் பின் சீட்டுக்கு மட்டும் கான்வாஸ் மூடி ஒன்று உண்டு, மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி இழுத்து மூடலாம். மூடிவிட்டு வெளியே இருந்து ஆட்டுவோம், பறப்பதுபோல இருக்கும். மூடியை இழுத்தது தபால்காரர் மகன். இதைப் பந்தியில் அவன் சொல்வதில்லை. ஆனால் மூட வேண்டும் என்ற விதி நான் போட்டது, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

ஆட்டினோம். உள்ளே டக்டக் என்று சத்தம் கேட்டது. மாப்பிள்ளை பறக்கிறார் என்று நினைத்து இன்னும் ஆட்டினோம். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மூடியைப் பின்னுக்குத் தள்ளினேன். மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்க நடுங்கியது. முழங்கால் தகட்டில் மோதி டக்டக் என்றது. பல் கிட்டித்திருந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“வலிப்பு,” என்றது ஒரு குரல். உடனே எல்லாரும் அதையே சொன்னார்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் அல்லவா? அப்பா மடியிலிருந்து பட்டறைச் சாவிக்கொத்தை எடுத்துப் பிடியிலிருந்து அவர் விரலைப் பிரித்து உள்ளங்கையில் திணித்தார். மேஸ்திரி அது போதாதென்று இடுக்கியைக் கொண்டுவந்து மற்றக் கையில் கொடுத்தார். நான் துவர்த்தை அவிழ்த்தேன். மாப்பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நடுக்கத்துக்கு நடுவே, “ஒண்ணுமில்ல மக்கா, இப்பம் செரியாயிரும்,” என்றார். ஒரு கையில் சாவியும் மறு கையில் இடுக்கியுமாக, கொடுத்ததை எல்லாம் மரியாதையாகப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நம் தெருவில் எண்ணெய்க் கடைக்காரருக்கு வலிப்பு உண்டு. வந்தால் அவருக்கு யாரையும் தெரியாது, பேச்சும் வராது, நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். நான் இறங்கி ஓடிப்போய்ப் பெரிய மாமாவிடம் சொன்னேன்.

“வலிப்பு இல்ல மாமா. எனக்கிட்ட பேசுகாரு. ஆளு தெரியுது.”

“நீ டாக்டராட்டி?”

“மூடியப் போட்டதுலதான் வந்தது. தொறந்ததும் கொறஞ்சிட்டு. பயம் மாமா, வலிப்பு இல்ல.”

“பைலட்டுக்கு என்ன பயம்?” என்று கேட்டார் பெரிய மாமா. கேட்டுவிட்டு என் செவிட்டில் ஒன்று வைத்தார். எனக்குக் காதுக்குள் கொஞ்ச நேரம் விமானம் ஓடியது. அப்பாவிடம் சொன்னேன். அவர் பெரிய மாமாவைப் பார்த்தார். அம்மையிடம் சொன்னேன். அம்மை என்னை முந்தானையால் மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். பிள்ளைகள் நீங்கள் எல்லாம் அந்த அடியைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டீர்கள், வாசலில் பெரியவர்கள் மட்டும் நின்றார்கள்.

பெரிய மாமா உலைப்பக்கமாகச் சித்தப்பாவைக் கூட்டிப்போய்ப் பேசினார். மெல்லப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. நோயை மறைத்துப் பெண் கேட்டு வரலாமா, நாஞ்சில்நாட்டில் இதைவிடக் கேவலம் உண்டா, தாம்பூலத் தட்டை இப்போதே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மை கூடத்துத் தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மகனுக்கு இனி இந்த ஜில்லாவில் பெண் கிடைக்காது என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. பூதப்பாண்டிக்குக் கார் போய்ச் சேரும் முன்னே இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருக்கும்.

மாப்பிள்ளை இன்னும் விமானத்துக்குள்ளேயே இருந்தார். கால் நடுக்கம் நிற்காமல் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். அக்கா சொம்பில் குடிக்க வெள்ளம் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். அக்கா சொம்பை வாங்கி என் கையில் தந்துவிட்டு, பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நிச்சயத்துக்கு அலங்கரித்த பெண் விமானத்தில் ஏறினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு குற்றத்துக்கு எங்கள் வீட்டில் தண்டனை இல்லை. வாசலில் நின்றவர்களுக்கு அவளுடைய பின்கொண்டைப் பூ மட்டும் தெரிந்தது. அவள் குழாயை எடுத்துக் காதில் வைத்தாள். வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாப்பிள்ளைக்கு முன்னால் குழாயின் மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுக்கியை மடியில் வைத்துவிட்டு எடுத்தார். அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

“வலிப்பு இல்ல. இதே மாதிரி மூடி போட்டுத்தான் படிப்பிப்பாங்க. வெளிய ஒண்ணும் தெரியாது, மீட்டர் முள்ளப் பாத்து ஓட்டணும். முன்னால ஒரு சார் இருப்பாரு, அவருதான் நமக்குக் கண்ணு. குழாயில பேசிக்கிட்டே வருவாரு. ஒருநாள் பேச்சு நின்னுட்டு. நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். ஏன் நின்னுதுன்னு இன்னைக்கும் தெரியாது. மரத்துல அடிச்சு விழுந்தோம். அவரு செத்துப்போனாரு. எனக்க மேல ஒரு கீறல் இல்ல. பொறவு எனக்கு ஏற முடியல்ல. ஸ்டோர்ல போட்டானுவ, கம்பளி எடுத்துக் குடுக்க வேல. பைலட்டுன்னு நான் எங்கயும் சொல்லல்ல. உங்க மாமா சொன்னாரு. நான் இல்லைன்னும் சொல்லல்ல, அது தப்புதான்.”

குழாயைக் காதுக்கு மாற்றினார். அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“இல்ல. இருட்டும் அடப்பும் சேந்து வந்தா மட்டும். எப்பமும் இல்ல.”

மறுபடி கேட்டார். “அம்மைக்கித் தெரியும். வேற ஆருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்லுகேன்.”

மறுபடி காது. இந்த முறை வெகுநேரம். “அதுக்கு நான் என்ன சொல்ல,” என்றார் கடைசியில். “அது உங்க இஷ்டம்.” சாவிக்கொத்து அவர் கையிலேயே இருந்தது, ஆனால் நடுக்கம் நின்றிருந்தது.

அக்கா இறங்கினாள். பெரிய மாமா தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார், சித்தப்பாவிடம் திருப்பிக் கொடுக்க. வாசலில் கூட்டம் அப்படியே நின்றது.

“மாமா, தட்ட எங்க கொண்டு போறீயோ?” என்று கேட்டாள் அக்கா.

“நீ உள்ள போ. வலிப்புக்காரனுக்குக் குடுக்க நம்ம வீட்டுல பொண்ணு இல்ல.”

வலிப்பு இல்லை என்று அக்கா சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நான் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். அவள் அதைச் சொல்லவே இல்லை. வாசலில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் சத்தம் போடாமல் சொன்னாள்.

“எனக்கும் வலிப்பு உண்டு மாமா. வீட்டுல மறைச்சு வச்சிருக்காவ. அவியளுக்கும் உண்டுன்னா செரியாப்போச்சு.”

அம்மை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையோடு அக்கா தன்னை வேறு எந்த வீட்டுக்கும் ஆகாதவளாக ஆக்கிக்கொண்டாள். தெருவே கேட்டுவிட்டது. பெரிய மாமா இனி எந்த ஊரில் போய் எந்த மாப்பிள்ளையைக் கூட்டிவந்தாலும் இந்தப் பேச்சு முந்திக்கொண்டு போய் நிற்கும். அதெல்லாம் தெரிந்துதான் சொன்னாள்.

பெரிய மாமா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். ஏன் என்றால் நான்தான் அக்காவோடு ஒரே பாயில் படுப்பவள். அது எல்லாருக்கும் தெரியும்.

“ஏட்டி, இங்க வா. உள்ளதச் சொல்லு. இவளுக்கு வலிப்பு உண்டா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சைகை காட்டவில்லை. சேலைச் செருகலை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றாள். அக்கா தூக்கத்தில் புரண்டுகூடப் படுக்கமாட்டாள், விடியும்வரை ஒரே பக்கம்தான். எனக்கு அடி வாங்கிய செவிடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“உண்டு மாமா,” என்றேன். “பயமா இருக்கும். நான்தான் சாவி எடுத்துக் குடுப்பேன்.”

அன்று காலையிலிருந்து நான் சொன்னதில் ஒன்றையும் நம்பாத பெரியவர்கள் இதை உடனே நம்பினார்கள். ஒருவர்கூட மறு கேள்வி கேட்கவில்லை. பெரிய மாமா தட்டோடு அப்படியே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மை தூணை விட்டு முற்றத்துக்கு இறங்கி வந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் அன்று கண் இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

“அப்பம் ரெண்டுபேருக்கும் ஒரு சாவிக்கொத்து போரும்,” என்றாள். பெரிய மாமா கையிலிருந்த தட்டை அவளே வாங்கி அக்காவின் கையில் கொடுத்தாள்.